தகரக் கொட்டகையில் விளைந்த தங்கம்

கொட்டாஞ்சேனையிலே பழைய அபிமானிகள் நாலைந்து பேர் ஒன்றுகூடிவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு முறையேனும் குத்துச்சண்டை மேடையில் ஏறி இறங்காமல் முடிவதில்லை. சலூன் வாங்கிலோ, தேநீர்க் கடை வாசலிலோ, கோவில் வீதியிலோ, பேராலய முன்றலிலோ அமர்ந்துகொண்டு, "ஜோ லூயிஸைப் போல இன்னொருவன் பிறக்கவில்லை" என்று ஒருவர் தொடங்குவார். "மார்சியானோவை மறந்துவிட்டுப் பேசாதீர்கள் அண்ணே! 49 போட்டிகளில் ஒன்றிலேனும் தோற்காமல் ஓய்வு பெற்றவன் அவன் ஒருவனல்லவா?" என்பார் மற்றொருவர். மூன்றாமவர் வாய் திறக்கமாட்டார். எழுந்து நின்று, முழங்கால் நோவையும் பாராமல் இரண்டு அடி முன்னும் இரண்டு அடி பின்னும் வைத்து, முகம்மது அலி ஆடிய ஆட்டத்தை ஆடியே காட்டிவிடுவார். வாதம் அத்துடன் முடிந்துவிடும்.

இவர்களுடைய ஞாபகசக்தியைக் கண்டு வியவாதிருக்க இயலாது. எந்தச் சண்டை எத்தனையாவது சுற்றில் முடிந்தது, எவன் எத்தனை இறாத்தல் எடை, எந்த மண்டபத்தில் எத்தனை ஆயிரம் பேர் கூடினர் என்பனவெல்லாம் பேரப்பிள்ளைகளின் பிறந்த தினத்தைவிட அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

இதிலே விசேஷம் என்னவென்றால், அவர்கள் இவ்வளவு துல்லியமாக வருணிக்கும் சண்டைகளுள் பெரும்பாலானவற்றை அவர்கள் நடந்த வேளையிற் கண்ணாற் கண்டதில்லை.

காதாற் கண்ட காட்சிகள்

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 ஏப்ரலிலே தான் ஆரம்பமாயிற்று. ரூபவாஹினி தன் சேவையைத் தொடங்கியது 1982 பெப்ரவரியில். முகம்மது அலியோ, அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 1981 டிசம்பரில், பஹாமாஸ் தீவில் தம் இறுதிப் போட்டியில் தோற்றுக் கையுறையைக் கழற்றிவிட்டார். அவர் கசியஸ் கிளே என்ற பெயருடன் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதும், 1964இல் மயாமி பீச்சில் சொனி லிஸ்டனை வீழ்த்தியதும், 1971 மார்ச்சில் நியூயோர்க்கிலே ஜோ பிரேசியரிடம் 15 சுற்றுகளின் முடிவில் புள்ளிகளால் தோற்றதும் நம்மவருக்கு வானொலிச் செய்தியாகவும், மறுநாட் பத்திரிகையின் மங்கலான படமாகவும், சினிமாவில் எப்போதோ காட்டப்பெறும் செய்திப்படத் துண்டாகவுமே வந்து சேர்ந்தன.

1974 ஒக்டோபர் 30ஆந் திகதி கின்ஷாசா நகரத்து மைதானத்திலே அலியும் ஜோர்ஜ் போர்மனும் மோதியது அந்த நாட்டு நேரப்படி விடியற்காலை 4 மணியளவில். அமெரிக்காவிலுள்ளவர்கள் இரவிலே பார்ப்பதற்காக அந்த நேரம் குறிக்கப்பட்டது. நமக்கு அப்போது காலை எட்டரை மணி. புதன்கிழமை, பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் போகும் நேரம். எட்டாவது சுற்றில் போர்மன் சரிந்தார். மறு ஆண்டு 1975 ஒக்டோபர் முதலாந் திகதி, மணிலா அருகே கெசோன் நகரத்தில் அலியும் பிரேசியரும் மூன்றாம் முறையாகச் சந்தித்ததும் ஒரு புதன்கிழமை காலைதான். 14 சுற்றுகள் முடிந்ததும், கண் வீங்கி மூடிப்போன பிரேசியரை அவருடைய பயிற்சியாளரே எழவிடாமல் நிறுத்திவிட்டார். வேலைக்குப் போகும் வழியில் வானொலியுள்ள கடைகளின் வாசலிலே தயங்கி நின்ற காலங்கள் அவை என்று இன்றும் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பர்.

செய்தி சிறிதாக வந்தபடியால் மனம் அதனைப் பெரிதாக்கிக்கொண்டது. பின்னாளில் மைக் டைசன் 1988இல் மைக்கல் ஸ்பிங்ஸை 91 வினாடிகளில் வீழ்த்திய காட்சி நம் வீட்டுக் கூடங்களுக்கே வந்தது. கண்ணாரக் கண்டோம், ஆனால் தேநீர் ஆறுமுன் முடிந்துவிட்ட அந்தச் சண்டையைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசுவார் எவருமில்லை.

வீரரைப் போலவே மண்டபங்களும் நம் அபிமானிகளுக்குக் கரதலப் பாடம். நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவெயர் கார்டன் என்ற பெயரை அடுத்தடுத்து நான்கு கட்டடங்கள் தாங்கின என்பதும், ஜோ லூயிஸ் பலமுறை சண்டையிட்ட மூன்றாவது கட்டடம் 1968இல் மூடப்பட்டது என்பதும், அலி – பிரேசியர் முதற் சண்டை அவ்வாண்டிலே திறக்கப்பட்ட நான்காவது கட்டடத்தில் நடந்தது என்பதும் அவர்களுக்கு அத்துபடி. கோட்டை ரயில் நிலையத்துக்கு வழி சொல்வதுபோல அவற்றுக்கு வழி சொல்லக்கூடியவர்கள் உளர்.

ஆனால், இவர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "இந்த இலங்கைத் தீவிலே பிறந்து, உலகம் அறிய ஒரு தங்கப் பதக்கம் வென்ற குத்துச்சண்டை வீரர் யார்?" பேச்சு சட்டென்று நின்றுவிடும். ஒரு சிலர் நெற்றியைத் தேய்ப்பர். இளைஞர்களோ, அப்படி ஒருவர் இருந்தாரா என்று நம்மையே திருப்பிக் கேட்பர்.

1938ஆம் ஆண்டின் இரண்டு வெற்றிகள்

1938ஆம் ஆண்டைக் குத்துச்சண்டை அபிமானிகள் மறப்பதில்லை. அவ்வாண்டு ஜூன் 22ஆந் திகதி, நியூயோர்க் யாங்கி ஸ்டேடியத்திலே ஜோ லூயிஸ், தம்மை முன்னர் தோற்கடித்த ஜெர்மானியராகிய மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 வினாடிகளில் வீழ்த்தினார். ஹிட்லரின் ஆட்சி அந்த ஜெர்மானியரைத் தன் இனப் பெருமைக்குச் சான்றாகக் காட்டி வந்தபடியால், அந்த அடி ஒரு மனிதனின் மேல் விழுந்த அடியாக மட்டும் கருதப்படவில்லை.

அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், பெப்ரவரியில், அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழா நடைபெற்றது. இன்று பொதுநலவாய விளையாட்டு விழா என்று நாம் அழைப்பது அதனையே. இலங்கை அவ்விழாவிற் பங்குபற்றியது அதுவே முதற் தடவை. நம் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த பார்னி ஹென்ரிகஸ் என்பவர் இறகு எடைப் பிரிவிலே மேடையேறினார். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகள் குத்துச்சண்டையில் ஊறித் திளைத்தவை. அவற்றின் வீரர்கள் கலந்துகொண்ட விழாவிலே, அந்தப் பிரிவின் தங்கப் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டு அவர் ஊர் திரும்பினார். அவ்விழாக்களில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது. டங்கன் வைட் 1950இல் ஆக்லாந்திலே தடைதாண்டி ஓடித் தங்கம் வெல்லும்வரை அதற்கு இணை இருக்கவில்லை.

அந்தச் சண்டைகள் நடைபெற்ற இடத்தையும் நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டும். சிட்னியின் ரஷ்கட்டர்ஸ் குடாவை அடுத்து 1908இல் குத்துச்சண்டைக்கென்றே கட்டப்பட்ட அரங்கு அது. முதலிற் கூரையில்லாத திறந்த வெளி. 1912இல் தகரக் கூரை போடப்பட்டது. ஆகவே, ஊர் மக்கள் அதனைப் பழைய தகரக் கொட்டகை என்றே செல்லமாக அழைத்தனர். அந்த அரங்கிலேதான், 1908 டிசம்பர் 26ஆந் திகதி, ஜாக் ஜோன்சன் என்ற கறுப்பின வீரர் டொமி பேர்ன்ஸைத் தோற்கடித்து, உலகப் பார எடைச் சம்பியனான முதலாவது கறுப்பினத்தவர் என்ற பெயரைச் சரித்திரத்திற் பொறித்தார். தம்மோடு மேடையேற மறுத்துவந்த பேர்ன்ஸை நாடு நாடாகத் துரத்திச் சென்று பிடித்த சண்டை அது. 14ஆவது சுற்றிலே பொலீசார் குறுக்கிட்டு அதை நிறுத்த வேண்டியதாயிற்று.

முப்பது ஆண்டுகளின் பின்னர், அதே தகரக் கூரையின் கீழே நம் நாட்டு இளைஞர் ஒருவரின் கை உயர்த்தப்பட்டது. மடிசன் ஸ்குவெயர் கார்டனின் நான்கு கட்டடங்களையும் கணக்கு வைத்திருக்கும் நாம், நம்முடைய தங்கம் விளைந்த அந்தக் கொட்டகையை அறியாதிருக்கிறோம். இப்போது அங்கே போய்ப் பார்க்கவும் இயலாது. புகையிரதப் பாதை அமைப்பதற்காக 1970இல் அது இடிக்கப்பட்டுவிட்டது.

பள்ளிக்கூட மேடையிலிருந்து

ஹென்ரிகஸ் திடீரென்று முளைத்த காளான் அல்லர். அவருடைய காலத்துக்கு முன்பிருந்தே இலங்கைப் பள்ளிக்கூடங்களிலே குத்துச்சண்டை வேரூன்றியிருந்தது. குடியேற்றச் செயலாளராக இருந்து பின்னர் இந்நாட்டின் தேசாதிபதியுமான சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸின் பெயரால் வழங்கும் ஸ்டப்ஸ் கேடயப் போட்டி 1914இல் ஆரம்பமாயிற்று. ஆசியாவிலுள்ள பாடசாலைக் குத்துச்சண்டைப் போட்டிகளுள் மிகப் பழைமையானவற்றுள் அது ஒன்று. ஒரு கயிற்று வேலி, இரண்டு மூலைகளில் இரண்டு முக்காலிகள், ஒரு வாளித் தண்ணீர், ஒரு மணி. இவற்றைக் கொண்டு எந்தப் பள்ளிக்கூட மண்டபத்தையும் ஓர் இரவுக்கு மடிசன் ஸ்குவெயர் ஆக்கிவிடலாம்.

இலங்கை முதன்முதலாக ஒலிம்பிக் விழாவிற் கலந்துகொண்ட 1948ஆம் ஆண்டிலே, லண்டனுக்குச் சென்ற நம் சிறு குழுவில் லெஸ்லி ஹந்துங்கே, அல்பேர்ட் பெரேரா, எடி கிரே, அலெக்ஸ் ஒபேசேகர ஆகிய குத்துச்சண்டை வீரர்கள் இருந்தனர். அவ்விழாவில் டங்கன் வைட் பெற்ற வெள்ளிப் பதக்கத்தை நாடறியும். அவரோடு சென்ற இவர்களை நாடு மறந்துவிட்டது.

ஏன் மறந்தோம்?

மறந்ததற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, எடை. அபிமானியின் கண் எப்போதும் பார எடை வீரனையே தேடும். 1971இல் மோதிய அலியும் பிரேசியரும் தலைக்கு 200 இறாத்தலுக்கு மேற்பட்டவர்கள். இறகு எடைப் பிரிவின் உச்ச வரம்போ 126 இறாத்தல். அதாவது ஏறக்குறைய 57 கிலோகிராம். நம் தெருவிலே சைக்கிளிற் போகும் சராசரி இளைஞனின் எடை அது. மலைகள் மோதுவதைக் கற்பனை செய்து பழகிய மனத்துக்கு, நம்மைப் போன்ற உடம்புடைய ஒருவன் செய்த சாதனை சிறிதாகத் தோன்றிவிடுகிறது. உண்மையில் நம் நாட்டவர்க்கு வாய்த்த உடல்வாகுக்கு ஏற்ற போர்க்களம் அந்தக் குறைந்த எடைப் பிரிவுகளே. அங்கே பலத்தைவிட வேகமும், கோபத்தைவிட நிதானமும் வெல்லும்.

இரண்டாவது காரணம் சோகமானது. ஒரு சண்டையின் ஞாபகம் தனி ஒருவரிடம் நெடுநாள் தங்குவதில்லை. "நீர் அன்றைக்கு எந்த வாங்கில் இருந்தீர்?" என்று கேட்பதற்கு இன்னொருவர் வேண்டும். கொட்டாஞ்சேனை, தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர், கொழும்புச் செட்டிகள் எனப் பல சமூகத்தவரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த ஊர். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பறங்கியக் குடும்பங்கள் பல அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. 1983 ஜூலையிலே கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, அலுமாரிகளில் இருந்த அல்பங்களும் பத்திரிகை நறுக்குகளும் வீட்டோடு சாம்பலாயின. பின்னர் அக்குடும்பங்களிற் பல கனடாவுக்கும் லண்டனுக்கும் போயின. ஒரே மண்டபத்தில் அருகருகே இருந்து கைதட்டியவர்கள் இன்று ஒரே கண்டத்தில் இல்லை. பேச ஆளில்லாத ஞாபகம் மெல்ல மெல்ல மௌனமாகிவிடுகிறது.

கடலுக்கு அப்பால் சென்னையைப் பாருங்கள். வடசென்னையிலே சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து நின்று சண்டையிட்ட குத்துச்சண்டை வீரர்களின் கதை அங்கும் ஏறக்குறைய மறைந்துதான் போயிருந்தது. 1980 ஜனவரியில் முகம்மது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில், எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராயிருந்த காலத்திலே, காட்சிப் போட்டியில் ஆடியதைப் பேசியவர்கள்கூடத் தம் சொந்தத் தெருவின் வீரர்களை நினைக்கவில்லை. 2021இல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் வெளிவந்த பின்னரே, பேரன்மார் தாத்தாமாரிடம் போய்க் கேட்கத் தொடங்கினர். கொழும்புக்கு அப்படி ஒரு படம் வாய்க்கவில்லை. வாய்க்கும்வரை காத்திருக்க நம் முதியவர்களுக்கு ஆயுளும் இல்லை.

எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர்

பார்னி ஹென்ரிகஸின் பெயரை நாடு ஒருமுறை உரத்து உச்சரித்தது. 2010 ஒக்டோபரிலே, டில்லியில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவில், மஞ்சு வன்னியாராச்சி 56 கிலோகிராம் எடைப் பிரிவிலே முதலிடம் பெற்றார். "எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின் குத்துச்சண்டையில் தங்கம்" என்று செய்தி பரவியபோதுதான், அந்த எழுபத்திரண்டை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்று பலர் விசாரித்தனர். ஆனால் மகிழ்ச்சி நிலைக்கவில்லை. தடைசெய்யப்பட்ட மருந்தின் சுவடு பரிசோதனையிலே கண்டுபிடிக்கப்பட்டு, மறு ஆண்டு அந்தப் பதக்கம் திருப்பிப் பெறப்பட்டு, இரண்டாமிடம் வந்த வேல்ஸ் நாட்டு இளைஞருக்கு வழங்கப்பட்டது. புதிய தங்கம் போனதோடு பழைய தங்கத்தின் பேச்சும் போய்விட்டது. அது நியாயமன்று. ஒருவர் பதக்கத்தை இழந்ததனால், மற்றவர் முறையாக வென்றது எவ்விதத்திலும் குறைந்துவிடாது. இன்றைக்கும் பொதுநலவாய விழாக் குத்துச்சண்டையில் இலங்கையின் பெயரில் நிற்கும் தங்கம் 1938இல் வென்ற அந்த ஒன்றே.

ஆறுதலான செய்தியும் இல்லாமலில்லை. 2018 ஏப்ரலில் அவ்விழா மீண்டும் அவுஸ்திரேலியாவிலே, கோல்ட் கோஸ்ட் நகரில் நடந்தது. சிட்னி விழாவுக்குச் சரியாக 80 ஆண்டுகளின் பின். அங்கே அனுஷா கொடித்துவக்கு 48 கிலோ பெண்கள் பிரிவிலும், திவங்க ரணசிங்க 49 கிலோ பிரிவிலும், இஷான் பண்டார 52 கிலோ பிரிவிலுமாக மூன்று வெண்கலப் பதக்கங்களை இலங்கைக்குக் கொணர்ந்தனர். எடைகளைக் கவனியுங்கள். முன்னர் சொன்ன உண்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த மூவரிலே ஒருவர் பெண் என்பதையும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

தாய்மாரின் கவலை

"இந்த முரட்டு விளையாட்டை நினைவில் வைத்திருப்பதால் யாருக்கு என்ன லாபம்?" என்று தாய்மார் கேட்கலாம். அந்தக் கேள்வியை அலட்சியம் செய்தலாகாது. இத்தனை அழகாக ஆடிய முகம்மது அலிக்கு 1984இல் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையால் அவர் தீபம் ஏற்றியதை உலகமே கலங்கிய கண்களோடு பார்த்தது. 1982 நவம்பரில் தென்கொரிய இளைஞர் கிம் டூக்-கூ, அமெரிக்காவில் நடந்த சண்டையில் தலையிலே பலத்த காயமுற்றுச் சில நாட்களில் உயிர் நீத்தார். அதன் பின்னரே தொழில்முறைச் சண்டைகளின் 15 சுற்றுகள் 12 ஆகக் குறைக்கப்பட்டன. இன்று அமெச்சூர் போட்டிகள் மூன்று சுற்றுகளோடு நின்றுவிடுகின்றன. மத்தியஸ்தர் சந்தேகங் கொண்ட மாத்திரத்தில் நிறுத்திவிடவும் அதிகாரமுண்டு. ஆயினும் ஆபத்து முற்றாக நீங்கிவிட்டது என்று எவரும் சொல்ல இயலாது. பிள்ளையை இதிற் சேர்ப்பதா என்பது பெற்றோரின் முடிவு. சேர்க்கும் பெற்றோர், பயிற்சியாளர் யார், வைத்தியப் பரிசோதனை உண்டா என்பதை முதலில் விசாரித்தே ஆகவேண்டும்.

ஆனால், இவ்வளவு ஆபத்தையும் அறிந்து மேடையேறி, விதிகளை மீறாமல் நின்று, மணி அடித்ததும் எதிரியைத் தழுவிக்கொண்டு இறங்கியவர்களை மறந்துவிடுவது வேறு விஷயம். அது நன்றிகெட்ட செயல்.

செய்யவேண்டியது ஒன்று

இதற்குப் பெரிய நிதியோ சபையோ வேண்டியதில்லை. நம் வீட்டிலே 75 வயதைத் தாண்டிய ஒருவர் இருப்பாராயின், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரருகில் ஓர் அப்பியாசக் கொப்பியுடன் உட்காருங்கள். அலியைப் பற்றியும் லூயிஸைப் பற்றியும் அவர் மனங்குளிரப் பேசட்டும், தடுக்கவேண்டாம். பிறகு கேளுங்கள்: "தாத்தா, உங்கள் பள்ளிக்கூடத்தில் யார் குத்துச்சண்டை செய்தார்? எந்த மண்டபம்? எந்த வருஷம்? பக்கத்தில் யார் இருந்தார்?" பெயரையும் ஆண்டையும் இடத்தையும் அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். பழைய படம் ஏதும் இருந்தால், அதிலுள்ளவர்களின் பெயர்களைப் பின்புறத்திற் பென்சிலால் குறியுங்கள். ஐயம் எழுந்தால், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலே பழைய பத்திரிகைகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டு தெரிந்தவருக்கு அங்கே தேடுவது கடினமன்று. எழுதியதன் ஒரு பிரதியை அந்தப் பள்ளிக்கூட நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் தொலைபேசியில் வரும்போது அவர்களிடமும் இதையே கேட்கலாம். டொரண்டோவில் இருக்கும் மாமாவுக்கும், மெல்பேர்னில் இருக்கும் பழைய பறங்கிய அயலவருக்கும், கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் அழைத்துப் பழைய மண்டபத்தைப் பற்றி விசாரித்தால் உண்டாகும் சந்தோஷம் சொல்லுந் தரமன்று.

சிட்னியின் தகரக் கொட்டகை போய் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அதை நாம் காப்பாற்றியிருக்க முடியாது. நம் தாத்தாமாரின் நினைவிலுள்ள மண்டபங்களோ இன்னும் நிற்கின்றன. அவை விழுமுன்னர் உள்ளே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நம் கையிலேதான் இருக்கின்றது.